ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள்?

(சமூகப்பணித் துறை ஒன்றில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பின் சேர்க்கை நேர்காணலில் ஒரு கேள்வி தவறாமல் வரும். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று ஆசிரியர்கள். இந்தப் பக்கம் சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மாணவர். “ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள்?” விடையும் தவறாமல் ஒன்றுதான்: “சமுதாயத்துக்கு ஏதாவது செய்யணும் சார்.” ஆசிரியர்கள் தலையாட்டுவார்கள். அடுத்தவர் வந்து அதையே சொல்வார். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் அதற்குள் அந்த விடையை மனப்பாடம் செய்திருப்பார்கள்.

அந்த விடையில் பொய் கிடையாது. ஆனால் சொல்கிற ஆளும் அதில் கிடையாது. அப்பாவின் குடியால் பத்தாம் வகுப்போடு நிற்கவிருந்த பெண், தெருவிலேயே முதல் பட்டதாரி, இரண்டு முறை குரூப் தேர்வு எழுதிக் கைகூடாதவர், சபை அனுப்பிவைத்த கன்னியாஸ்திரி, கம்பெனியில் எச்.ஆர். வேலை பிடிக்க வந்தவர், சிவில் சர்வீஸ் தேர்வுக்கு நடுவில் ஒரு பட்டம் இருக்கட்டும் என்று சேர்ந்தவர் என்று வகுப்பில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எல்லோரும் அந்த ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் முடிந்து பட்டம் வாங்கும்போதும் பலர் வெளியே வருவதில்லை.

இந்த உரை சொல்ல வருவது இதுதான். சமூகப்பணிக்கு ஆட்களைக் கொண்டுவருவதும் அதில் நிற்க வைப்பதும் பெரும்பாலும் அவரவர் சொந்தக் காரணமே. அதைச் சொல்லக் கூசுகிற பழக்கத்தை இத்துறை விட வேண்டும். காரணத்தைச் சொல்ல வைத்து, அலசிப் பார்த்து, பயிற்சியின் பகுதியாக்க வேண்டும். ஐந்து குறிப்புகளாக இதை முன்வைக்கலாம்.

1. தன் தேவைக்காக வந்தேன் என்றவர்

இந்தக் கூச்சத்தைத் தொடக்கத்திலேயே உதறியவர் ஜேன் ஆடம்ஸ். அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தின் சீடர்வில் என்ற சிற்றூரில் 1860-இல் வசதியான வீட்டில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு முடிந்த 1881-ஆம் ஆண்டிலேயே தந்தை இறந்தார். மருத்துவம் படிக்க பிலடெல்பியா போனார். முதுகெலும்புக் கோளாறு அதைத் தொடரவிடவில்லை. பிறகு ஐரோப்பாவுக்கு நீண்ட பயணங்கள், ஓவியக்கூடங்கள், தேவாலயங்கள். படிப்பு இருந்தது, பணம் இருந்தது, காலையில் எழுந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

1888-இல் மாட்ரிட் நகரில் ஒரு காளைச் சண்டை பார்க்கப் போனார்கள். கூட வந்தவர்கள் ரத்தத்தைச் சகிக்காமல் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். ஆடம்ஸ் உட்கார்ந்தே இருந்தார். காளைகளும் குதிரைகளும் சாய்வதைச் சலனமில்லாமல் பார்த்துவிட்டு வந்தவருக்கு அன்று மாலைதான் உறுத்தத் தொடங்கியது. ஒருநாள் நல்லது செய்யப்போகிறோம் என்ற நினைப்பிலேயே சும்மா இருந்து தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டிருப்பதாகப் பட்டது. தன் வரலாற்று நூலில் இதை அவரே எழுதியிருக்கிறார். அங்கிருந்து லண்டன் போய், கிழக்குப் பகுதியின் ஏழைகள் நடுவே பட்டதாரிகள் குடியிருந்து பணி செய்த டாயின்பீ ஹாலைப் பார்த்தார். 1889 செப்டம்பரில் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சிகாகோவில், குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1892-இல், அவர் நிகழ்த்திய சொற்பொழிவு ஒன்றைச் சமூகப்பணி மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். இத்தகைய இல்லங்கள் ஏழைகளுக்கு எவ்வளவு தேவையோ, அங்கே குடியேறும் படித்த இளைஞர்களுக்கும் அவ்வளவு தேவை என்பது அவர் வாதம். படிக்க வைத்துவிட்டுச் சமூகம் அவர்களைச் சும்மா உட்கார வைக்கிறது. பயன்படாத படிப்பு அவர்களை உள்ளே அரிக்கிறது. எனவே அவர்கள் வருவது தங்களுக்காகவும்தான் என்றார். உதவி பெறுபவர் கடன்பட்டவர், உதவி செய்பவர் பெரிய மனசுக்காரர் என்ற ஏற்பாடு அந்த வாதத்தில் அடிபட்டுப் போகிறது.

சொந்த வெறுமையில் தொடங்கிய வேலை எங்கே போய் நின்றது என்று பாருங்கள். ஹல் ஹவுஸில் குடியிருந்த புளோரன்ஸ் கெல்லியின் உழைப்பு 1893-இல் இல்லினாயின் தொழிற்சாலைச் சட்டமாயிற்று. தெருவில் குப்பை அள்ளப்படவில்லை என்று புகார் எழுதி அலுத்த ஆடம்ஸ், 1895-இல் தம் வட்டத்தின் குப்பை ஆய்வாளர் வேலையையே ஏற்றார். விடியற்காலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிகளின் பின்னால் போனார். 1931-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசைவிட அந்தக் குப்பை வண்டிதான் நமக்கு முக்கியம்.

2. வீட்டுக்குள்ளிருந்து வந்த வேலை

நம் பக்கம் வருவோம். 1886-இல் பிறந்த இரண்டு பெண்கள். ஒருவர் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி. மற்றவர் சென்னை மயிலாப்பூரில் பிறந்த சுப்புலட்சுமி.

முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். இந்தப் பிறப்புக்காகச் சிறுவயதில் கேட்ட பேச்சு அவருக்கு மறக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் நுழைந்த முதல் பெண்ணாகி, அதன் துணைத் தலைவரும் ஆனார். கையில் எடுத்தது, சிறுமிகளைத் தேவதாசிகளாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் வேலையை. அந்த வழக்கத்தை விட்டு வந்த சிறுமிகளுக்கு விடுதிகளில் இடம் கிடைக்காதபோது 1930-இல் தம் வீட்டையே திறந்துவிட்டார். அதுதான் அவ்வை இல்லம். ஒழிப்புச் சட்டம் நிறைவேற 1947 ஆயிற்று.

இன்னொரு காரணமும் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தங்கை புற்றுநோயால் துடித்து இறந்ததை மருத்துவரான அவர் கையைப் பிசைந்துகொண்டு பார்க்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த நினைப்பை விடாமல் சுமந்து, 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கி வைத்தார். நிதி திரட்ட எத்தனை வாசல் ஏறினார் என்பது தனிக் கதை.

சுப்புலட்சுமிக்குப் பதினொரு வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவன் இறந்தான். தந்தை சுப்பிரமணிய ஐயர் ஊர் வாயைப் பொருட்படுத்தாமல் மகளைப் படிக்க வைத்தார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே தம்மைப் போன்ற இளம் விதவைகளுக்காக வீட்டிலேயே ஒரு விடுதி தொடங்கினார். பிறகு அது கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்குப் போனது. மொட்டையடித்து மூலையில் உட்கார்த்தி வைத்த பெண்கள் அங்கிருந்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள்.

இந்த இரண்டு கதைகளையும் கல்லூரி ஆண்டுவிழாக்களில் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். கைதட்டல் விழும். நாம் கொஞ்சம் தள்ளிப் பார்க்க வேண்டும். சொந்தக் காயம் வழிகாட்டும். அதே காயம் வேலியும் போடும். சுப்புலட்சுமியின் விடுதி பல காலம் பிராமண விதவைகளுக்கு மட்டுமே இருந்தது. அவருக்குத் தெரிந்த துயரம் அந்த அக்ரஹாரத்துத் துயரம். எதிரே மணலில் இருந்த மீனவக் குப்பத்தையும் அவர் பின்னால் கவனித்தார், பள்ளி நடத்தினார். ஆனால் விடுதிக் கதவு அந்த அளவுக்கு அகலவில்லை. முத்துலட்சுமியின் சட்டத்தைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிகளே எதிர்த்தார்கள். தங்கள் கலையும் சொத்துரிமையும் என்ன ஆகும் என்று கேட்டார்கள். ஒழிப்புதான் சரி என்பதில் உறுதியாக நின்றவருக்கு அந்தக் குரல் காதில் ஏறவில்லை. தான் பட்ட அவமானத்தைத் தன் பெண்கள் படக்கூடாது என்று நினைப்பவருக்கு, அதே வாழ்க்கையில் வேறொன்றைப் பார்த்தவரின் பேச்சு எரிச்சலாகத்தான் இருக்கும். பெருமைக்குரியவர்களிடமும் இந்தக் குறை இருந்தது என்பதை மாணவர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

3. விண்ணப்பப் படிவத்தில் எழுதிய சாதி

கோலார் தங்கவயலில் 1966-இல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். குடும்பத்தார் உலர் கழிப்பிடங்களில் மலம் அள்ளும் வேலை பார்த்தவர்கள். மகனிடம் அதைப் பெற்றோர் மறைத்து வைத்திருந்தார்கள். பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்தபோதுதான் விஷயம் புரியத் தொடங்கியது. படிப்பு முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியப் போனால், விரும்பும் வேலை என்ற இடத்தில் அலுவலர் தாமாகவே துப்புரவு வேலை என்று எழுதிவிட்டாராம். வில்சன் அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டார்.

ஆவேசம் அந்த இடத்திலேயே தீர்ந்திருக்கலாம். பல பேருக்குத் தீர்ந்துவிடுகிறது. வில்சன் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எந்தெந்தக் கழிப்பிடம், யார் யார் அள்ளுகிறார்கள் என்று பட்டியல் போட்டார். புகைப்படம் எடுத்தார். அதிகாரிகளுக்கு அனுப்பினார். 1990களில் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற துப்புரவுப் பணியாளர் இயக்கம் உருவாயிற்று. 2003-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. 2014 மார்ச் 27 அன்று வந்த தீர்ப்பு, 1993 முதல் சாக்கடைக் குழிகளில் இறந்தவர்களின் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 10 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது. வில்சனுக்கு 2016-இல் மகசேசே விருது. சாக்கடைச் சாவு இன்னும் நிற்கவில்லை என்பதை அவரே போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமிக்கு எச்.ஐ.வி. தொற்று திருமணத்தின் வழியே வந்தது. அப்போது அவர் இருபதை ஒட்டிய வயதுக்காரர். 1998-இல் தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். தொற்றுள்ள பெண் பெயரைச் சொல்லிக்கொண்டு மேடையேறுவது அன்றைக்குச் சாதாரணம் கிடையாது. மருத்துவமனையில் எந்த வார்த்தை சுடும், மாமியார் வீடு சொத்தை எப்படி எழுதி வாங்கும், பிள்ளைக்குப் பள்ளியில் என்ன நடக்கும் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இடம்பெறுவதற்கு முன்பே இந்தப் பெண்களுக்குத் தெரியும்.

அனுபவம் இருந்தால் போதும், பயிற்சி எதற்கு என்று இதிலிருந்து வாதம் செய்பவர்கள் உண்டு. இந்தக் கதைகள் அப்படிச் சொல்லவில்லை. வில்சனிடம் இருந்தது பட்டியலும் படமும் மனுவும். நம் வகுப்பறையில் கணக்கெடுப்பு, ஆவணம், வாதாடல் என்று நாம் நடத்தும் பாடங்களைத்தான் அவர் தட்டுத்தடுமாறித் தாமே கற்றார். கோபத்தோடு வருகிற மாணவருக்கு இவற்றை மூன்றாம் பருவத்திலேயே கையில் கொடுக்க முடியும்.

4. சம்பளத்துக்கு வருகிறவர்கள்

இதுவரை சொன்னவை பெரிய வாழ்க்கைகள். இந்த அரங்கில் பாதிப்பேருக்கு அப்படியொரு கதை இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 49-ஆம் பிரிவில், 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருக்கும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் சமூகப்பணிப் படிப்பு வேர்விட்டதற்கு அந்தப் பிரிவுக்கும் பங்கு உண்டு. மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் சென்னைச் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கிய நாட்களில் ஆலைகளுக்குப் படித்த நல அலுவலர்கள் தேவைப்பட்டார்கள். இன்றும் மனிதவளப் பிரிவைக் கேட்டு வரிசையில் நிற்கும் மாணவர்களைப் பார்த்துச் சில பேராசிரியர்கள் முகம் சுளிப்பது உண்டு. வீட்டில் கல்விக்கடன் இருக்கிறது, தங்கை கல்லூரியில் படிக்கிறாள், மாதம் முதல் தேதி பணம் வந்தாக வேண்டும் என்பவர் அதை நேர்காணலில் சொன்னால் சீட் கிடைக்காது என்று பயந்து சமுதாயத்தைத் துணைக்கு அழைக்கிறார். பொய்யை முதல் நாளே சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தான். அப்படிச் சேர்ந்த ஒரு பெண் நாளை ஒரு நூற்பாலை விடுதியில் நல அலுவலராக உட்கார்ந்தால், இரவு ஷிப்ட் முடிந்து வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் காய்ச்சல் என்று யாரிடம் சொல்வார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும், முகம் சுளிக்கத் தோன்றாது.

ஆராய்ச்சியும் இதற்குத் துணை நிற்கிறது. ஆலன் ஒமோட்டோ, மார்க் ஸ்னைடர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவ முன்வந்த 116 தன்னார்வலர்களை இரண்டரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கற்றுக்கொள்ள வேண்டும், தான் வளர வேண்டும், தன்மேல் தனக்கு மதிப்பு வர வேண்டும் என்ற சொந்த நோக்கங்கள் வலுவாக இருந்தவர்கள் கூடுதல் காலம் நின்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும், தனக்கென்று ஒன்றும் வேண்டாதவர்தான் கடைசிவரை நிற்பார் என்ற நம் நம்பிக்கைக்கு அது ஒரு நல்ல குட்டு.

5. காரணத்தைப் பிரித்துப் பார்க்கும் இடம்

வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. மறுநாள் அறிக்கை. எத்தனை மணிக்குப் போனேன், யாரைச் சந்தித்தேன், என்ன பேசினேன், என்ன கற்றேன் என்று நோட்டு நிரம்புகிறது. கடைசிப் பத்தியில் “இன்றைய களப்பணி பயனுள்ளதாக அமைந்தது” என்ற வரி. மேற்பார்வையாளரின் சிவப்பு மை அதன் அடியில் ஒரு டிக். வாரா வாரம் அதே டிக்.

குடிநோய் மையத்துக்குப் போகும் மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் அப்பாவும் குடிப்பவர். வார்டில் படுத்திருக்கும் ஒவ்வொரு ஆளிடமும் அவள் அப்பாவைத்தான் பார்க்கிறாள். ஒருவரிடம் அளவுக்கு மீறிக் கனிவு, இன்னொருவரிடம் காரணமில்லாத கடுமை. அறிக்கையில் இது வராது. கேட்டால் மட்டுமே வரும். சென்னையில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் அவர் பெயரிலேயே தொடங்கிய சிகிச்சை மையத்தில், குடிப்பவரோடு குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. குடித்தவரின் மனைவிக்கு என்ன ஆகிறது என்பதை மனைவியாக இருந்தவர் அறிவார். அந்த அறிவு வெறும் அழுகையாக நின்றுவிடாமல் சிகிச்சை முறையாக மாறியது. மற்றவர்களும் அதைப் படித்துச் செய்ய முடிகிறது.

பணிச்சோர்வைப் பற்றியும் இங்கேதான் பேச வேண்டும். ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் 1974-இல் இலவச மருத்துவ மையங்களில் வேலை செய்தவர்களிடம் இதைக் கண்டு எழுதினார். வேலையில் மிகவும் ஈடுபாடு காட்டியவர்களே அதிகம் கருகிப் போனார்கள் என்றார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதன் முகங்களைப் பிரித்துக் காட்டினார்: வற்றிப்போதல், எதிரே இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் கேஸாகப் பார்த்தல், நாம் செய்வதில் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம். மூன்றாண்டு அனுபவமுள்ள எந்தக் களப்பணியாளரிடமும் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். அவரே உதாரணம் தருவார்.

ஒருவர் நின்று உதவுவதற்கும் ஓய்ந்துபோவதற்கும் காரணம் அவருக்கு உள்ளே மட்டும் இல்லை, சூழலிலும் இருக்கிறது. 1973-இல் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்கள் 40 பேரை வைத்து ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் ஒரு சோதனை செய்தார்கள். பேச்சுக் கொடுக்கப் போகும் வழியில் ஒருவர் முனகிக்கொண்டு சரிந்து கிடப்பார். சிலர் பேச வேண்டிய பொருளே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதைதான். நேரமிருந்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். என்ன பேசப் போகிறார் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

1993-இல் சென்னைத் தெருவில் மனநலம் குன்றித் திரிந்த ஒரு பெண்ணைக் கண்டு, இடம் தேடி அலைந்து, எங்கும் சேர்க்க முடியாமல் கடைசியில் தாங்களே ‘தி பான்யன்’ அமைப்பைத் தொடங்கிய வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் அன்று இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்கள். அதே தெருவில் அன்று நடந்துபோன நூற்றுக்கணக்கானவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று சொல்வதற்கில்லை. பலர் பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பார்கள். இன்று அரசுத் திட்டங்களில் தொகுப்பூதியத்தில், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில், ஒரு மாவட்டம் முழுக்கத் தனியாக அலையும் பணியாளரை நாம் ஓட விட்டுத்தான் வேலை வாங்குகிறோம். சம்பளம் கேட்டால் “இது சேவைதானே” என்கிறார்கள். சொந்தக் காரணத்தைப் பற்றி எதுவும் கேட்காதவர்கள், சம்பளப் பேச்சு வரும்போது மட்டும் அதைச் சரியாக நினைவுபடுத்துகிறார்கள்.

துறையின் முன் இரண்டு வேண்டுகோள்கள். சேர்க்கை நேர்காணலில் அந்தப் பழைய கேள்வியை எடுத்துவிட்டு, “இந்த வேலையில் உங்களுக்கு என்ன கிடைக்க வேண்டும்?” என்று கேளுங்கள். சம்பளம் என்று சொல்பவருக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். நான்காம் பருவத்தின் முடிவில் அதே கேள்வியை மறுபடியும் கேட்டு, இரண்டு விடைகளையும் அவர்கள் கையிலேயே கொடுங்கள். அடுத்து, மாணவரும் மேற்பார்வையாளரும் தனியே உட்கார்ந்து பேச வாரம் ஒரு மணி நேரம். அது ஆசிரியரின் பாடவேளைக் கணக்கில் சேர வேண்டும், மாலை ஐந்து மணிக்கு மேல் கருணையாகச் செய்வதாக இருக்கக் கூடாது. பாடத்திட்டக் குழு ஜூனுக்கு முன் கூடுகிறது என்று அவைத் தலைவர் சொன்னார். இந்த இரண்டையும் அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.